பனிக்கு மேலே இழுத்த இரண்டு மூச்சு

சென்ற சனிக்கிழமை, மொன்றியலுக்கு வடக்கே உறைந்துபோன ஓர் ஏரியில், பனியை முக்கோணமாக அறுத்த ஓட்டையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். குளிர் மைனஸ் இருபத்திரண்டு. கால்கள் இரண்டும் கறுத்த தண்ணீருக்குள். இடுப்பில் ஒரு கயிறு. அதன் மறுமுனை ஜெனிற்றாவின் கையில்.

ஜெனிற்றா என்னோடு மொன்றியல் புறநகரான புவாண்ட்-கிளேரில் வேலை செய்கிறாள். கடலுக்கடியில் வைக்கும் அளவுக் கருவிகளைச் செய்வது எங்கள் தொழில். கோடையில் அவற்றில் சிலவற்றை எடுத்துவர ஆர்க்டிக் கடலுக்கு ஓர் அணி போகிறது. பனிக்கடியில் மூழ்கும் பயிற்சியின் கடைசி டைவில் தேறினால்தான் எனக்கு இடம். நான் செய்த கருவியை நானே போய் எடுக்க வேண்டும் என்று ஆசை. இதை என் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்...

"மூலைக் கடை டெப்பனருக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வா எண்டாலே குளிருது எண்டுறவள், இப்ப ஐஸுக்குக் கீழ போறாவாம்!" நாங்கள் வசிக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் அம்மா இதைச் சொல்லாத வீடு இல்லை.

பயமா? இருந்தது. பயம் வந்தால் நான் பட்டியல் போடுவேன் — இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இம்முறை இருபத்தேழு வரிகள். தண்ணீர் படாதபடி லாமினேட் வேறு. விளிம்பில் இருந்தபடி ஒவ்வொன்றாக முணுமுணுத்தேன்.

"என்னடி, செபமாலை சொல்லுறியே?" என்றாள் ஜெனிற்றா.

"பட்டியல் பாக்கிறன்."

"பாத்தது காணும், இறங்கு. எனக்குக் கை விறைக்குது."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீச்சல் குளத்தில் பழகும்போது, இறங்குவதற்கு முன் ரெகுலேட்டரை — சிலிண்டரிலிருந்து காற்றைத் தரும் வாய்க்கருவியை — வாயில் வைத்து மூச்சிழுத்துப் பார்க்க வேண்டும். பனியில் அதுவே ஆபத்து. வெளிக்குளிரில் மூச்சு விட்டால் அதிலுள்ள ஈரம் கருவிக்குள் உறைந்துவிடும். பிறகு வால்வு மூடாது. காற்று கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே தண்ணீருக்குள் போன பிறகுதான் முதல் மூச்சு. எங்கள் பயிற்சியாளர் மனோன் இதை முதல் நாளே சொன்னார். மேலேயே மூச்சிழுத்துப் பார்க்கும் வரியை என் பட்டியலில் சிவப்பு மையால் நானே வெட்டியிருந்தேன்.

இருந்தும்... ஒருவேளை வேலை செய்யாவிட்டால்?

வாயில் வைத்தேன். ஒரு மூச்சு. அருமையாக வந்தது. அருமையாக வந்ததென்றால் எதற்கு இன்னொன்று? எனக்கும் தெரியவில்லை. இழுத்தேன்.

மனோன் எனக்கு முதுகு காட்டித் தன் முகமூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு இருவரும் இறங்கினோம்.

முதல் மூன்று நிமிடங்கள் அழகு. தலைக்கு மேலே பச்சை வெளிச்சத்தில் பனிக்கூரை. அடுத்த நொடி — குலுக்கிய சோடாப் போத்தலை முகத்துக்கு நேரே திறந்ததுபோல் குமிழிகள்! காற்றழுத்த முள் கண்முன்னே சரிந்தது. மேலே போகலாமா? மேலே இருந்தது ஆகாயம் அல்ல, பனி.

கை தானாகவே, அவசரத்துக்கென்று மாட்டியிருந்த இரண்டாவது ரெகுலேட்டரை எடுத்து வாயில் வைத்தது. மனோன் என் முதுகுப் பக்கம் வந்து, கொட்டிய வால்வை மூடினார். கயிற்றை நான்கு தடவை இழுத்தேன்: 'என்னை மேலே எடு' என்ற சைகை. ஜெனிற்றா பதிலுக்கு ஒரே இழுவையாக ஓட்டைவரை இழுத்தாள்.

"செத்துப்போனியோ எண்டு நினைச்சன், மூதேசி!" ஓட்டையிலிருந்து என்னைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திட்டினாள்.

மனோன் முகமூடியைக் கழற்றினார். "என்ன நடந்தது?"

'தெரியவில்லை, கருவிக் கோளாறாக இருக்கும்.' அந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நம்பியிருப்பார். ஆர்க்டிக் பயணமும் கைக்கு வந்திருக்கும். ஜெனிற்றா கயிற்றைச் சுருட்டியபடி என்னையே பார்த்தாள்.

"மேலே இருந்தபோது மூச்சிழுத்துப் பார்த்தேன்."

"எத்தனை தடவை?"

"இரண்டு."

"கீழே நீ செய்ததெல்லாம் சரி. மேலே செய்தது பிழை. இந்த டைவ் செல்லாது. அடுத்த சனிக்கிழமை வா. அதுதான் கடைசி வாய்ப்பு."

திரும்பும்போது காரில் கேட்டேன்: "நான் மூச்சிழுத்ததை நீ பாத்தனிதானே?"

"ஓம், பாத்தனான். உன்ர பட்டியல்ல அதுவும் இருக்காக்கும் எண்டு நினைச்சன். ஆனா நீ மட்டும் பொய் சொல்லியிருந்தா, அடுத்த கிழமை கயிறு பிடிக்க வேற ஆளைத்தான் தேடியிருப்பாய்."

போன வருடம் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், பாஸ்போட் இருக்கிறதா என்று அம்மா ஆறு தடவை கைப்பையைத் திறந்து பார்த்தார். ஆறாவது தடவை வெளியே எடுத்தது டாக்சி சீற்றிலேயே தங்கிவிட்டது. அன்று நான் எவ்வளவு சிரித்தேன்! இப்போது சிரிப்பு வரவில்லை. நாம் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதில் எவ்வளவு பொருளுக்காக, எவ்வளவு நம் நடுக்கத்துக்காக?

நீங்கள் இதைப் படிக்கும்போது நான் மறுபடியும் அந்த விளிம்பில் இருப்பேன். பட்டியலில் ஒரு வரி கூடியிருக்கிறது. 28: பயமாக இருந்தால் கயிறு பிடிப்பவளிடம் வாய்விட்டுச் சொல்.

ஜெனிற்றாவிடம் காட்டினேன். "இருபத்தெட்டாவதைத் தூக்கி முதலாவதாப் போடு" என்கிறாள்.