வெள்ளையனுக்கு யார் மூச்சு விட்டது?

பேய், பிசாசு என்று யாராவது என்னிடம் பேச்சை எடுத்தால், ‘முதலில் போய் பிரஷர் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிற ஆள் நான். காலமெல்லாம் நர்ஸ் வேலை பார்த்தவள். எத்தனையோ சாவைப் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன், ஒருவர்கூட எழுந்து வந்து என்னிடம் பேசியதில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. ஜவ்வாது மலையில், புதூர்நாட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். டாக்டர் இல்லாத நாட்களில் நானும் ஆயா முனியம்மாவும்தான் எல்லாம். சாமை அறுவடை நேரத்தில் ஒரு காலை, வெள்ளையன் என்கிற வாலிபனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கதிர் அறுக்கும்போது கையில் நல்லபாம்பு கடித்துவிட்டது. பின்னாலேயே அவன் மனைவி பழனியம்மா, நிறைமாதத்தை நெருங்குகிற வயிற்றோடு மேடு பள்ளம் பார்க்காமல் ஓடி வந்திருக்கிறாள்.

அவனுக்கு இமையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. கைவசம் இருந்த விஷமுறிவு மருந்தை ஏற்றினேன், அது போதவில்லை. புளி மூட்டையோடு நின்ற ஒரு ஜீப்பை மறித்து, மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு, அவனை உள்ளே படுக்கவைத்துக் கிளம்பினோம். முதல் வளைவு திரும்புவதற்குள் அவன் மூச்சு நின்றுவிட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் மற்றது புரியாது. காற்றை நாம் இழுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் விலா விரிந்து, அதற்குக் கீழே இருக்கிற தசை கீழே இறங்கி, நெஞ்சு உள்ளே இடம் கொடுக்கிறது, காற்று தானாக வந்து அதை நிரப்புகிறது. நல்லபாம்பு விஷம் அந்தத் தசைகளைக் கட்டிப்போட்டுவிடும். அப்போது வெளியிலிருந்துதான் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு ஆம்பு பை என்று ஒரு ரப்பர் பை உண்டு. முகத்தில் மூடியைப் பொருத்தி அமுக்கினால் நெஞ்சு ஏறும், விட்டால் தானாக இறங்கும். விஷம் முறிகிற வரைக்கும் யாராவது அமுக்கிக்கொண்டே இருந்தால் ஆள் பிழைத்துக்கொள்வான், கை நின்றால் அவ்வளவுதான்.

பழனியம்மாவை அவன் தலைமாட்டில் உட்காரவைத்து, தாடையைத் தூக்கி மூடியை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து கையோடு எடுத்து வந்திருந்த பையை நான் அமுக்க ஆரம்பித்தேன்.

“கை வலிச்சா சொல்லுங்க நர்சம்மா, நான் அமுக்குறேன்.”

“நீ புடிச்சத வுடாத, அது போதும்.”

அமுக்க அமுக்க அவன் நெஞ்சு ஏறியது, இறங்கியது. கருத்துப்போயிருந்த உதடு மெல்ல நிறம் திரும்பியது. நெஞ்சின் கனம்கூட என் உள்ளங்கையில் தெரிந்தது, நம்பினால் நம்புங்கள். நடுவில் டிரைவர் வேகத்தைக் குறைத்தபோது, “இன்னாய்யா, பொண்ணு பாக்கவா போற? மிதிச்சு ஓட்டு!” என்று கத்தினேன். மலை இறங்கி முடிக்கும்போது என் விரல்கள் மரத்துப்போயிருந்தன, ஆனால் அவன் உயிரோடு இருந்தான்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் என் கையிலிருந்து பையை வாங்கி அமுக்கினார். நெஞ்சு ஏறவில்லை. மறுபடி அமுக்கினார், அசைவே இல்லை. உடனே அந்த ஆஸ்பத்திரிப் பையை எடுத்து மாட்டி, குழாய் போட்டு, மூச்சு மிஷினில் இணைத்துவிட்டார்கள். அப்புறம் அவர் என் பையின் கழுத்தைத் திருகிப் பார்த்தார்.

“இதுல வால்வே இல்லையேம்மா! எங்கேருந்து இத அமுக்கிட்டு வர்றீங்க?”

“மலையிலேருந்து சார்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தச் சின்ன ரப்பர் வால்வுதான் காற்றை நோயாளி பக்கம் திருப்பிவிடுவது. அது இல்லையென்றால் எவ்வளவு அமுக்கினாலும் காற்று பக்கத்துத் துளை வழியாகப் போய்விடும். கொஞ்சம் சொந்த மூச்சு மிச்சம் இருந்திருக்கும் என்றார் டாக்டர். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் வெள்ளையன் சொந்தமாக ஒரு மூச்சுகூட விடவில்லை, மிஷின்தான் விட்டது.

வால்வு வழியில் எங்கோ விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு மலைக்குத் திரும்பினேன். முனியம்மா அந்த வால்வைக் கொண்டுவந்து நீட்டினாள். “கழுவி ஜன்னல்ல காய வச்சேன் நர்சம்மா, திருப்பி மாட்ட மறந்தே பூட்டேன்.” வால்வு இல்லாமல் மூடியைக் கன்னத்தில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். எத்தனை தடவை அமுக்கியும் ஒரு பொட்டுக் காற்று படவில்லை.

வெள்ளையன் பிழைத்து எழுந்ததும் போய்க் கேட்டேன். நல்லபாம்பு கடித்தவர்களுக்கு உடம்பு கிடையாகக் கிடந்தாலும் உள்ளே நினைவு இருக்கும்.

“எல்லாம் கேட்டுச்சுங்க. நீங்க டிரைவர திட்டுனதுகூட.”

“காத்து உள்ள வந்துச்சா?”

“காத்த யாரும் ஊதலீங்க. யாரோ உள்ளாறருந்து நெஞ்ச விரிச்சு விரிச்சு வுட்டாங்க. அப்பால காத்து தானா வந்துச்சு.”

நெஞ்சு எப்படி வேலை செய்கிறது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

அவனுக்கு மகள் பிறந்தாள். அவள் கல்யாணத்துக்கு நான் போகாமல் இருப்பேனா? மதியம் பந்தி முடிந்து, வெள்ளையன் என் பக்கத்துப் பாயில் சாய்ந்து கண் அயர்ந்தான். நான் பழனியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். மடியில் கிடந்த என் வலது கை தானாக மூடித் திறந்தது. மூடும்போதெல்லாம் அவன் நெஞ்சு ஏறியது. வேடிக்கையாகத்தான் இருந்தது, அதனால் இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். அவன் நெஞ்சு ஏறாமல் நின்றது.

பழனியம்மா பதறவேயில்லை. “கைய வுட்டுடுங்கம்மா,” என்றாள் மெதுவாக. விட்டேன். அவன் நீளமாக மூச்சு வாங்கிப் புரண்டு படுத்தான். “நீங்க இல்லாதப்போ நல்லாத்தான் தூங்குறாரு. நீங்க பக்கத்துல இருந்தா மட்டுந்தான் இப்டி. இதுக்கு முன்ன வந்தப்பவும் பாத்தேன்.”

அவன் இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கிறான், பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிறான், அதை நினைத்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடுகிறது. இப்போதும் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன், வயிறாரச் சாப்பிடுகிறேன். ஆனால் அவன் பாயை எடுத்து விரிப்பதற்குள் ஜீப் பிடித்துவிடுவேன்.