எல்லாத்தையும் அணைச்சுப் போடு

என் தங்கையைப் பற்றி யாராவது "கம்ப்யூட்டர்ல ஏதோ வேலை பாக்குதாமே" என்று இழுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏதோ வேலையாம்! நான் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் பழுதாகும் லிஃப்டுகளில் பாதியை எங்கள் கம்பெனிதான் பார்க்கிறது. எந்த மெக்கானிக் எந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்ற உத்தரவு அவள் உட்கார்ந்திருக்கும் அறையிலிருந்துதான் கிளம்புகிறது. அவள் அசந்தால் ஊரே மூச்சு வாங்க மாடிப்படி ஏற வேண்டியதுதான். இதைச் சொன்னால் தற்பெருமை என்பார்கள். தங்கையைப் பற்றிச் சொல்வது எப்படித் தற்பெருமை ஆகும்? சொல்லத்தான் சொல்வேன்.

வீட்டில் அவளுக்கு நோண்டி என்று பெயர். வைத்தது நான்தான். கடிகாரம், ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, எது கையில் சிக்கினாலும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு மறுவேலை. ஆனால் பிரித்ததைத் திரும்ப மாட்டியும்விடுவாள், அதில் குறை சொல்ல முடியாது. அம்மா திட்டும்போது ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டே தலையாட்டுவாள். "இது எதுக்கு, அது எதுக்குன்னு கேட்டே என் உசுர வாங்குறா" என்று அம்மா புலம்பாத நாளில்லை. பகலில் எங்கள் கம்பெனிக்கு வரும் புகார் ஃபோன்களை எடுத்துக்கொண்டு, மாலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து முடித்தாள். அதன் பிறகு ஃபோன் மேஜையிலிருந்து கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றினார்கள்.

அந்த அறையில் இருந்ததெல்லாம் தனித்தனி புரோகிராம்கள். புகாரை வாங்க ஒன்று, பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்குக்கு வேலையை அனுப்ப ஒன்று, ஸ்டோரில் என்ன பாகம் இருக்கிறது என்று சொல்ல ஒன்று, பில் போட ஒன்று, "ஆள் வந்துகொண்டிருக்கிறார்" என்று வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்ப ஒன்று. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காலத்தில் யார் யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்று இன்னொன்றைக் கேட்டுக்கொண்டுதான் தன் வேலையைச் செய்யும். எது எதைக் கேட்கிறது என்று முழுசாகத் தெரிந்த ஆள் யாரும் இல்லை. ஒன்று முரண்டு பிடித்தால் எல்லாம் நின்றுவிடும். முதலில் நின்றது எது என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

அதற்கு எங்கள் ஆபீசில் ஒரே வைத்தியம்தான். மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்து "எல்லாத்தையும் அணைச்சுப் போடு!" என்று கத்துவார். அணைத்துப் போட்டு எல்லாம் எழுந்து வர அரை மணி நேரமாவது ஆகும். அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்கும். கேட்டதும் எதிர்க்கடை டீக்காரர் தட்டோடு படியேறிவிடுவார், யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. டீ குடித்து முடிக்கும்போது எல்லாம் ஓட ஆரம்பித்திருக்கும். மேனேஜர் எங்களைப் பார்த்து "பாத்தீங்களா?" என்பார். நாங்களும் என்னவோ கிழித்துவிட்ட மாதிரி எழுந்து போவோம்.

அப்படி அணைக்கும்போது பாதி வழியில் நிற்கும் புகார்கள் அழிந்து போகும். போனால் என்ன, திரும்பக் கூப்பிடுவார்கள் என்று எல்லோரும் பழகிப்போயிருந்தோம். ஒரு முறை ஒரு டீச்சரம்மா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அவசரப் பட்டனை அழுத்தியிருக்கிறார். அவர் புகார் அன்றைய அணைப்பில் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு தடவை புகார் அனுப்பிவிட்ட லிஃப்ட், அதன் பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் புதிதாக அனுப்பாதாம். மதியம் மாட்டியவரை, இருட்டும் நேரத்தில் வாட்ச்மேன் கண்டுபிடித்துச் சொல்ல, நான்தான் போய்க் கதவைத் திறந்தேன். தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டித் தீர்க்கப்போகிறார் என்று நினைத்தேன். "தேங்க்ஸ் தம்பி" என்றார். கத்திக் கத்திக் குரலே போயிருந்தது, வெறும் காற்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நோண்டி தட்டில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"பட்டனை அழுத்தினாங்கல்ல அண்ணா?" என்றாள். 

"அழுத்தாம இருப்பாங்களா?"

"அப்போ அது எங்க போச்சு?" 

எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிடாமலே எழுந்து போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து மேனேஜருக்குச் சனி பிடித்தது. இத்தனை புரோகிராம்களையும் ஒரே இடத்தில் இருந்து கவனிக்கவும், ஒன்றை மட்டும் தனியாக நிறுத்தவும், எது எதைக் கேட்கலாம் என்று முடிவு செய்யவும் ஒரு மேலாண்மை சாஃப்ட்வேர் இருக்கிறது, அது வேண்டும் என்று போகிற வருகிற நேரமெல்லாம் அவரைத் துளைத்தாள்.

"இருக்கற சாஃப்ட்வேரே தாங்க முடியல. அதையெல்லாம் பாத்துக்க இன்னொண்ணா? அப்புறம் அதைப் பாத்துக்க ஒண்ணு வேணும்பே!" என்றார் அவர்.

"அதைப் பாத்துக்க நான் இருக்கேன் சார்."

இந்த வாய் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. கடைசியில் நச்சரிப்புத் தாங்காமல் ஒத்துக்கொண்டார். "வாங்கித் தரேன். ஆனா இனிமே ஒரு தடவை ஆபீஸ் நின்னுச்சுன்னு வெச்சுக்க, அதுவும் வெளிய போகும், நீயும் பழையபடி ஃபோன் மேஜைக்குப் போவே. சரியா?" 

"சரி சார்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டு வந்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவ்வளவு பாடுபட்டுப் படித்த படிப்பை இப்படியா பணயம் வைப்பாள்?

சுவரில் ஒரு பெரிய திரை வந்தது. ஒரு புரோகிராமுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் கோடு. நன்றாக ஓடினால் பச்சை, திணறினால் மஞ்சள், படுத்தால் சிவப்பு. யார் யாரைக் கேட்கிறார்கள், பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது, எல்லாம் அதில் தெரியும். அதில்தான் ஒரு கூத்து வெளியே வந்தது. ஸ்டோரில் பாகம் இருக்கிறதா என்று கேட்டுப் பதில் வாங்காமல், மெக்கானிக்கை அனுப்பும் புரோகிராம் ஒரு அடி எடுத்து வைக்காதாம்.

"மாட்டினவங்களை வெளிய எடுக்கறதுக்கு போல்ட் இருக்கான்னு எதுக்கு சார் கேக்கணும்? இதை மாத்திடறேன்" என்றாள்.

"ஓடிட்டு இருக்கறதைத் தொடாதே" என்றுவிட்டார் மேனேஜர்.

சில வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு நாள் காலையில், மெக்கானிக்குகள் நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், ஒருத்தன் ஃபோனும் அடிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் லிஃப்ட் கெட்டுப்போகாத ஊர் உலகத்தில் உண்டா? நான் எழுந்து கம்ப்யூட்டர் அறையை எட்டிப் பார்த்தேன். சுவரில் பாதி மஞ்சளாக இருந்தது.

டீக்காரருக்கு எப்படித்தான் மூக்கு வியர்த்ததோ, தட்டோடு வந்து நின்றார். நோண்டி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அண்ணே, திரும்பிப் போங்க. இன்னைக்கு டீ இல்ல" என்றாள். பின்னாலேயே கண்ணாடிக் கதவு திறந்தது.

"எல்லாத்தையும் அணை—" 

"வேணாம் சார்!" 

ஆபீசே திரும்பிப் பார்த்தது. மேனேஜரின் வாய் திறந்தபடியே இருந்தது.

"உள்ள புகாருங்க வரிசையா நிக்குது சார். அதுல ஒண்ணு அவசரப் பட்டன்ல இருந்து வந்தது. எந்த இடம்னு இந்தத் திரையில தெரியாது. ஆனா யாரோ ஒருத்தர் லிஃப்டுக்குள்ள இருக்காங்க. இப்ப அணைச்சா அது அழிஞ்சுடும்." 

"திரும்ப அழுத்துவாங்கம்மா."

"அந்த டீச்சரம்மாவும்தான் சார் திரும்பத் திரும்ப அழுத்தினாங்க."

எங்கோ ஒரு பெட்டிக்குள் முகம் தெரியாத ஒரு ஆள், இங்கே இவள் வேலை, இரண்டும் அந்த மஞ்சள் கட்டங்களுக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. இவளோ திரையில் ஒரே ஒரு கட்டத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டோர் கட்டம் அது. சிவப்பாகிறது, மஞ்சளாகிறது, பச்சையாகப் போகும் நேரத்தில் மறுபடி சிவப்பாகிறது.

"தானா விழுந்தா இப்படி விழாது. யாரோ கை வைக்கிறாங்க" என்றவள், இன்டர்காமை எடுத்தாள். "ஸ்டோர் அண்ணே, கீழ என்ன பண்ணிட்டு இருக்கீங்க?" 

"ஸ்கிரீன் நின்னுடுச்சும்மா" என்று ஸ்பீக்கரில் ஸ்டோர்காரர் குரல் வந்தது. "அப்பலேந்து அணைச்சு அணைச்சுப் போடறேன். சனியன், வரவே மாட்டேங்குது!"

"அது சரக்கையெல்லாம் கணக்கெடுத்துட்டு எழுந்து வர நேரம் ஆகும்ணே. எந்திரிக்கிறதுக்குள்ள தலையிலேயே தட்டினா எப்படி வரும்? கையை எடுங்க!"

பெஞ்சில் சிரிப்பு வெடித்தது. பாவம் மனிதர், இத்தனை வருஷம் மேனேஜர் சொல்லிக் கொடுத்த வைத்தியத்தைத்தான் செய்திருக்கிறார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

ஸ்டோர் எழுந்து வரும்வரை அவள் காத்திருக்கவும் இல்லை. ஆள் அனுப்பும் கட்டத்துக்கும் ஸ்டோருக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் சுட்டியை வைத்தாள்.

"அதைத் தொடாதேன்னு சொன்னேன்ல?" என்றார் மேனேஜர்.

"சொன்னீங்க சார்" என்றாள். தொட்டாள்.

கோடு மறைந்தது. அடுத்த நிமிஷம் பெஞ்சில் இருந்த ஃபோன்கள் எல்லாம் ஒன்றாக அலறின. என் ஃபோனில் சிவப்பு எழுத்தில் "ஆள் உள்ளே" என்று இருந்தது. ரெண்டு தெரு தள்ளி ஒரு அடுக்குமாடி. பையைத் தூக்கிக்கொண்டு பறந்தேன்.

மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது லிஃப்ட். உள்ளிருந்து யாரோ செருப்பால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுகிற சத்தமும் தேய்ந்துபோயிருந்தது. மோட்டார் அறைக்கு ஓடி, மின்சாரத்தை நிறுத்தி, கையால் இறக்கி, கதவைத் திறந்தேன். வயசான கணவன் மனைவி. அந்த அம்மாவுக்கு ஆஸ்துமா. மூச்சுக்கு உறிஞ்சும் மருந்தை வீட்டு மேஜையிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சாவியை வாங்கிக்கொண்டு ஓடிப் போய் அதை எடுத்து வந்தாள். இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் அந்த அம்மாவின் தோள் இறங்கியது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

பெரியவர் கையில் இன்னும் செருப்பு இருந்தது. "அழுத்திட்டே இருந்தேன் தம்பி. யாருக்குமே கேக்கலையோன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

"கேட்டுச்சுங்க" என்றேன். "என் தங்கச்சிக்குக் கேட்டுச்சு."

நான் ஆபீசுக்குத் திரும்பியபோது சுவர் முழுக்கப் பச்சை. நோண்டி மேனேஜர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "யாரு அண்ணா உள்ள இருந்தாங்க?" சொன்னேன். "மூச்சு சரியாயிடுச்சா?" ஆகிவிட்டது என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"சார், ஆபீஸ் நின்னுச்சு. பேசின பேச்சு பேச்சுதான். ஃபோன் மேஜைக்குப் போகட்டுமா?"

மேனேஜர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். 

"ஆபீஸ் எங்கம்மா நின்னுச்சு? ஸ்டோர்தானே நின்னுச்சு?" என்றார். "அந்தக் கோட்டைத் திரும்பப் போட்டுடாதே. அப்படியே இருக்கட்டும்." 

என் உச்சி குளிர்ந்துபோனது. அம்மாவுக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டேன்.

ஸ்டோருக்கு இப்போது புதுப் புரோகிராம் வந்துவிட்டது. பட்டப்பகலில், நாங்கள் வேலையில் இருக்கும்போதே, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். ஒரு புகார் தவறவில்லை, மாற்றியதே எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். ஸ்டோர்காரர் தன் மேஜையில் "கையை எடு" என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். மேனேஜர், வருகிற விருந்தாளிகளையெல்லாம் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, தான்தான் கண்டுபிடித்த மாதிரி விளக்குகிறார். விளக்கட்டும், எனக்கென்ன.

டீக்காரருக்குத்தான் மனசு ஆறவில்லை. நேற்றுக்கூட வெறும் தட்டோடு படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்காவது நின்னுச்சா தம்பி?"

"இல்லண்ணே. இனிமே நிக்காது." 

"என் வியாபாரத்துல மண்ணை அள்ளிப் போட்டுடுச்சே! அப்படி என்னதான் பண்ணுது அந்தப் பொண்ணு உள்ள?" 

"கேட்டுட்டு இருக்காண்ணே" என்றேன். "யாராவது பட்டனை அழுத்தறாங்களான்னு."

இறங்கிப் போனவர், அவளுக்கு மட்டும் ஒரு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.