கிழக்கு வாசலும் இரண்டு சில்லுகளும்

எங்களுக்குச் சிட்னியின் டூங்கபியில் வீடு வாடகைக்குத் தந்திருந்தவர் நல்ல மனிதர். வீட்டை விற்கப் போகிறேன் என்று சொல்ல வந்தபோது ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு வந்தார். நான் அதை எட்டுத் துண்டாக வெட்டினேன். அவர் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார். மற்ற ஏழையும் யாரும் தொடவில்லை.

ஓய்வு பெறும்வரை நான் ஒரு பெரிய களஞ்சியத்தில் இருப்பு எண்ணுகிற வேலை பார்த்தேன். வேலை முடிந்த பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. படி ஏறினால் எண்ணுவேன், ரயில் பெட்டிகளை எண்ணுவேன், மனைவி போடும் பெருமூச்சையும் எண்ணுவேன். அன்றிரவு எங்கள் சேமிப்பை மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் ஒரே தொகைதான் வந்தது. ஒரு படுக்கையறை மட்டும் உள்ள அடுக்குமாடி யூனிட்டுக்கு முன்பணம் கட்டவும் அது காணாது. எழுபத்தைந்து வயதுக்காரனுக்குக் கடன் தர எந்த வங்கிக்கும் விசர் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகனும் மகளும் தொலைபேசியில் கூடிக் கதைத்தார்கள். மகன் இங்கே டூங்கபியில் இருக்கிறான். அவனுக்கு மூன்று பிள்ளைகள். மகள் மெல்பேர்னில், போன வருடம்தான் குழந்தை பிறந்தது.

"அப்பா எங்களோட இருக்கட்டும். ஸ்ரடி றூமில ஒரு கட்டில் போடலாம்" என்றான் மகன்.

"அம்மா இஞ்ச வரட்டும். எனக்கும் வேலைக்குப் போகோணும்" என்றாள் மகள்.

இரண்டு பேரும் பாசத்தோடுதான் சொன்னார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிட்னிக்கும் மெல்பேர்னுக்கும் இடையில் கிட்டத்தட்டத் தொள்ளாயிரம் கிலோமீற்றர் என்பது மட்டும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தொலைபேசியை வைத்துவிட்டு மனைவி என்னைப் பார்த்தாள்.

"என்ன, எங்களைப் பங்கு பிரிக்கினமோ?"

"கொஞ்ச நாளைக்கெண்டுதானே சொல்லுதுகள்."

"எழுபத்திரண்டு வயசில கொஞ்ச நாள் எண்டால் எவ்வளவு? நீங்கள்தானே கணக்குக்காரன், சொல்லுங்கோ."

நாங்கள் கல்யாணம் செய்த நாளிலிருந்து, அவள் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைத் தவிர, பிரிந்து படுத்ததில்லை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். வழக்கம்போல இருமினேன்.

கரவன் யோசனை எனக்கு வந்தது மகன் வீட்டுக்குப் போகிற வழியில். ஒரு வீட்டு முற்றத்தில் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற வீட்டு வண்டி, கரவன் ஒன்று நின்றது. அதன் யன்னலில் திரைச்சீலை, வெளியே கயிற்றில் இரண்டு சேர்ட், படிக்கட்டில் ஒரு சோடி செருப்பு. செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற இடம் என்றால் அது வீடுதானே என்று எனக்குப் பட்டது. மகனின் வளவில் கார் விடுகிற பாதை நீளமானது. அதில் ஒன்றை நிறுத்தினால் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம். மகளுக்கு உதவி வேண்டுமென்றால் கூரையோடேயே மெல்பேர்னுக்குப் போகலாம். மகன் உள்ளூராட்சிக் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டான். குடும்பத்து ஆட்கள் இருப்பதானால் தடையில்லை என்று பதில் வந்தது.

மனைவிக்குத்தான் தடை இருந்தது.

"உருளுற வீட்டில ஆர் இருப்பினம்? சர்க்கஸ்காரரோ?"

"வந்து பாரும். பாக்கிறதுக்கு ஆரும் காசு கேக்க மாட்டினம்."

பென்ரித் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் பழைய கரவன் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். மனைவிக்கு முழங்கால் ஏலாமல் போய்விட்டதால் படி ஏற முடியவில்லையாம், அதனால்தான் கொடுக்கிறாராம். நான் அளவுநாடாவை எடுத்தேன். நீளம், அகலம், கட்டில், கதவு எல்லாம் அளந்தேன். அலுமாரிகள் பதினொன்று. பிளக் செருகும் இடங்கள் ஐந்து. கட்டிலுக்குக் கீழே அரிசி மூட்டை வைக்க இடம். குளிப்பதும் கக்கூசும் ஒரே பெட்டிக்குள். அதைப் பார்த்தவுடன் மனைவி மூக்கைச் சுளித்தாள். மகன் வீட்டில் வெளியே இன்னொரு கக்கூஸ் இருப்பதை நான் காதுக்குள் நினைவூட்டினேன்.

அவள் எதையும் அளக்கவில்லை. நேரே அடுப்பிருந்த குசினிப் பக்கம் போய், மேசை விளிம்பைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து தேங்காய் துருவுகிற திருவலையை எடுத்தாள். அதை அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள் என்பது எனக்கே தெரியாது. விளிம்பில் பூட்டித் திருகினாள். கைப்பிடியைச் சுற்றினாள். ஆடவில்லை.

விற்கிறவர் கொஞ்சம் பின்வாங்கி நின்று, அது என்ன ஆயுதம் என்று கேட்டார். தேங்காய்க்கு என்றேன். தாங்கள் நாடு முழுக்கச் சுற்றியும் உள்ளே பாண் துண்டு வாட்டியதற்கு மேல் எதுவும் சமைக்கவில்லை என்றார் அவர்.

"பாவம்" என்றாள் மனைவி தமிழில்.

வாங்கிவிட்டோம். விற்றவரே தன் வாகனத்தில் கட்டி இழுத்துவந்து, மகனின் வளவுக்குள் பின்பக்கமாக ஒரே தடவையில் செலுத்தி நிறுத்தினார். கரவனின் மூக்கு தெற்கே றோட்டைப் பார்த்தது. கட்டில் இருக்கும் பின்பக்கம் வடக்கே. கதவு இடது கைப் பக்கம். நான் தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தேன். கிழக்கு வாசல். சூரியன் தெரியாது, மருமகளின் குசினிக் கதவுதான் தெரியும். ஆனாலும் கிழக்கு கிழக்குத்தான்.

போகுமுன் அவர் எனக்குப் பாடம் எடுத்தார். முதலில் உருளாமல் சில்லுகளுக்குக் கட்டை வை. பிறகு முன்னால் இருக்கும் சிறு சில்லின் கைப்பிடியைச் சுற்றி மட்டமாக்கு. கடைசியில் நான்கு மூலையிலும் உள்ள இரும்புக் கால்களை இறக்கு. கால் இறக்காமல் எவரையும் உள்ளே விடாதே. இது இரண்டு சில்லில் நிற்கிற சாமான், மறந்துவிடாதே. நான் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை மனைவி தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுவம். பால் நல்லாப் பொங்கினால் இருப்பன். தெற்காலை வழிஞ்சுதெண்டால் எனக்கு மெல்பேர்னுக்கு டிக்கெட் போடுங்கோ."

"தெற்காலை வழிஞ்சால் என்ன?"

"யமன்ர திசை. இந்த வயசில அவரை நான் பால் வாத்துக் கூப்பிடோணுமோ?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் பால் காய்ச்சித்தான் குடிபுகுந்திருக்கிறோம். வாடகை வீட்டில் வடக்கே பொங்கியது. அதனால்தான் பதினாறு வருடம் இருந்தோம் என்பது அவள் கணக்கு. எனக்கு அந்த வாரம் நித்திரை குறைவு.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். கட்டை வைத்தேன். மகனின் பாதை றோட்டை நோக்கிச் சரிவானது, ஆகவே மூக்கைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். சிறு சில்லின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மனைவியின் தங்கை வந்து இறங்கினாள். அவளுக்கு இரண்டு மாடி வீடு. அதை அவள் மறப்பதுமில்லை, எங்களை மறக்க விடுவதுமில்லை.

"அத்தான், உங்கட வீட்டுக்கு நம்பர் பிளேட்டும் இருக்குது."

"ஓம். உம்மட வீடு மாதிரி நிண்ட இடத்திலேயே நிக்காது."

"காத்தடிச்சால் எங்க போய்த் தேடுறது?"

"உம்மட வீட்டு மேல்மாடியில தேடும்."

அதற்குள் மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "இஞ்சாருங்கோ, நேரம் போகுது. கதையை விட்டிட்டு வாங்கோ."

நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. கைப்பிடியை விட்டுவிட்டுக் கைகழுவப் போனேன். கால்களைப் பிறகு இறக்கலாம் என்று நினைத்தேன். இரண்டு மூன்று பேர்தானே உள்ளே நிற்கப் போகிறார்கள்.

எங்கள் ஆட்கள் பால் காய்ச்சுவதை வெளியே நின்று பார்க்கிற ஆட்கள் அல்ல. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், மனைவியின் தங்கை, தங்கையின் வீட்டுக்காரர், கோயிலில் பழகிய இரண்டு குடும்பம். ஒவ்வொருவராக வலது காலை வைத்து ஏறினார்கள். நான் வாசலில் நின்று, உள்ளே நின்ற மனைவியோடு சேர்த்து எண்ணினேன். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்காவது நான்.

மனைவி அடுப்பைப் பற்றவைத்தாள். சட்டியில் பால் மெல்ல விளிம்புக்கு வந்தது. எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள்.

தங்கைதான் முதலில் கண்டாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள், ஆனால் அந்தச் சிறிய இடத்தில் தாழ்ந்த குரல் என்று ஒன்றில்லை.

"அக்கா, தெற்காலை சரியுது."

உண்மைதான். சட்டியின் றோட்டுப் பக்கத்து விளிம்பில் பால் முட்டிக்கொண்டிருந்தது. மற்றப் பக்கத்தில் ஒரு விரல் இடைவெளி. மூக்கை நான் உயர்த்தி முடிக்கவில்லை. விமான நிலையத்தில் அவளை வழியனுப்பிவிட்டுத் தனியே ரயிலேறி வருவதுபோல ஒரு படம் மனதில் ஓடியது.

மனைவி திரும்பவேயில்லை. ஒரு கையால் துணியைச் சுற்றிச் சட்டியின் பிடியைப் பிடித்துக்கொண்டு, சந்தையில் மீன்காரனுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எல்லாரும் கட்டில் பக்கம் போங்கோ."

"ஏன் அம்மா?" என்றான் மகன்.

"கேள்வி கேக்காமல் போ."

போனார்கள். ஒருவர் பின் ஒருவராக வடக்கே நகர்ந்தார்கள். அப்போதுதான் இறக்காத கால்கள் நினைவுக்கு வந்து என் தலைக்குள் பெருக்கல் தொடங்கியது: ஆள் ஒருவருக்கு இத்தனை கிலோ என்றால் பன்னிரண்டு பேருக்கு... விடை வருமுன் வீடு விடை சொல்லிவிட்டது. மூக்கு மெல்ல மேலே எழும்பியது. பின்பக்கம் இறங்கியது. அலுமாரிகள் திறந்தன. கரண்டிகள் ஓடின. தங்கை நின்ற நிலையிலேயே கட்டிலில் போய் அமர்ந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் அவள் மடியில் அமர்ந்தார். மகன் தோட்டத்துக்கென்று அடுக்கியிருந்த செங்கற்களில் பின்பக்கம் முட்டி நின்றது.

பால் பொங்கியது. வடக்கே, முழுக்க வடக்கே, மேசை வழியாக ஓடி நிலத்தில் சொட்டியது. மனைவி சட்டியை விடாமல் அடுப்பை அணைத்தாள்.

யாருக்கும் அடிபடவில்லை என்று நான் இரண்டு தரம் எண்ணி உறுதி செய்தேன்.

"வடக்குத்தானே?" என்றாள் மனைவி.

"அக்கா, இதுக்கு மேல வடக்கு இல்லை" என்றாள் தங்கை, இன்னும் வீட்டுக்காரருக்குக் கீழே இருந்தபடி. பிறகு அவள்தான் முதலில் சிரிக்கத் தொடங்கினாள்.

மகனின் முகம் மட்டும் வெளிறியிருந்தது. "அம்மா, இது சரிவராது. அப்பா ஸ்ரடி றூமில இருக்கட்டும். நீங்கள் மெல்பேர்னுக்கே போங்கோ. நான் இதைத் திருப்பிக் குடுக்கிறன்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சட்டியில் மிஞ்சிய பாலைப் பார்த்தாள்.

"என்ர வீட்டை ஆர் நீ திருப்பிக் குடுக்க?" என்றாள். பிறகு எல்லோருக்கும் பொதுவாக, "ஒருத்தரும் தேத்தண்ணி குடிக்காமல் போகேலாது. ஒவ்வொருத்தரா மெதுவா இறங்குங்கோ. பெரிய ஆக்கள் முதல் இறங்காதேங்கோ, வீடு துள்ளும்." என்னிடம், "இஞ்சாருங்கோ, உங்கட அந்தக் காலை இறக்குங்கோ."

என்ர வீடு என்றாள். அதைக் கேட்டபடியே நான் வெளியே போய், எல்லோரும் இறங்கியதும் மட்டமாக்கி, நான்கு மூலைக் காலையும் இறக்கினேன். பிறகு சுற்றிப்போய் மறுபடியும் நான்கா என்று பார்த்தேன். அவள் யன்னலைத் திறந்து ஒவ்வொரு கோப்பையாக வெளியே நீட்டினாள். முற்றத்தில் நின்று எல்லோரும் குடித்தார்கள். தங்கை இரண்டு கோப்பை குடித்தாள்.

மாலையில் மகள் மெல்பேர்னிலிருந்து தொலைபேசி எடுத்தாள். "அம்மா, எப்ப வாறீங்கள்?"

"பள்ளிக்கூட விடுமுறைக்கு வாறம். உன்ர முற்றத்தைக் கூட்டி வை. வீட்டோட வாறம்."

அதை எந்த வாகனத்தில் கட்டி இழுப்பது, வழியில் எத்தனை இடத்தில் நிற்பது, காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்றெல்லாம் நான் கவலைப்படத் தொடங்கினேன். அது எனக்கு நல்ல கவலையாக இருந்தது.

மறுநாள் காலை, மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். யாரோ கதவைத் தட்டினார்கள். மருமகள். கையில் வெறும் கிண்ணம்.

"மாமி, கொஞ்சம் சம்பல் இருக்குமோ? உள்ள வரலாமோ?"

பதினாறு வருடமாக எங்கள் வாடகை வீட்டின் பூட்டைத் தன்னிடமிருந்த திறப்பால் திறந்து உள்ளே வந்தவள் அவள். ஒரு நாளும் தட்டியதில்லை. மனைவி திருவலையை நிறுத்தினாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். கண்ணாடியில் முகம் பார்த்தாள். நான்கு அடி தூரத்தில் இருக்கும் கதவைத் திறக்க அவ்வளவு நேரம் எடுத்த ஒருவரை நான் கண்டதில்லை.

"பொறு பிள்ளை," என்றாள், "வாறன்."