உயர நாற்காலியும் காளான் பொடியும்

என் சித்தப்பாவுக்கு நீச்சல் குளத்தில் வேலை. நீந்துவதற்கல்ல, நீந்துகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு. கழுத்தில் விசில், மடியில் சிவப்பு மிதவை, ஏறி உட்கார ஓர் உயர நாற்காலி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். இவர் சம்பளத்துக்கே அதைச் செய்தார். வீட்டிலும் விடமாட்டார். நாங்கள் சாப்பிடும்போதுகூட யாருக்குப் புரையேறுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐம்பதைத் தாண்டியதும் மதியங்களில் கண் சொக்கத் தொடங்கியது. காபி குடித்துப் பார்த்தார். கை நடுங்கியது, போதாததற்கு அடிக்கடி கழிவறைக்கு வேறு ஓட வேண்டியிருந்தது.

"நான் கண்ண மூடுற ஒரு நிமிஷத்துல ஒரு புள்ள போயிடும்," என்றார் சித்தியிடம். சித்தி அதே குளத்தில் டிக்கெட் கொடுப்பவர். அந்தப் பயம் சித்திக்கும் இருந்தது.

அப்போதுதான் காளான் பொடி வீட்டுக்குள் நுழைந்தது. இயற்கையானது, படபடப்பில்லாமல் நாள் முழுக்கச் சீரான தெம்பு தரும் என்று டப்பா சொன்னது. வெந்நீரில் கலக்கினால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும். சித்தப்பா மடக் மடக்கென்று குடிப்பார், மூக்கைப் பிடித்துக்கொள்வது நாங்கள்தான்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று சித்தி கேட்டார்.

"உள்ள யாரோ லைட் போட்ட மாதிரி இருக்கு!"

தூக்கம் நிஜமாகவே போயிற்றா, போனதாக நம்பினாரா, எனக்குத் தெரியாது. மனிதர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது மட்டும் தெரியும். அரை மணிக்கொரு முறை நாற்காலியில் ஆள் மாற வேண்டும் என்பது குளத்துச் சட்டம். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் மரத்துப்போகும். சித்தப்பா இறங்க மறுத்தார்.

"நீ போய் ரெஸ்ட் எடு தம்பி, எனக்குத்தான் களைப்பே இல்லையே," என்று உடன் காவல் பார்க்கும் கூட்டாளியின் முறைக்கும் சேர்த்து அவரே உட்கார்ந்தார். கூட்டாளிக்குக் கசக்குமா என்ன?

சித்திக்குக் கசந்தது. சொல்லிப் பார்த்தார், சித்தப்பாவின் காதில் ஏறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் குளத்தில் இருந்தேன். கூட்டாளியை மறுகரையில் காவலுக்கு நிறுத்திவிட்டு, முதலுதவிப் பயிற்சிக்கு வைத்திருக்கும் குழந்தை அளவு பொம்மையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு சித்தி வந்தார். கரையோரம் குனிந்து அதை மெல்லத் தண்ணீருக்குள் நழுவவிட்டார். அது அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

சித்தப்பா தூங்கவில்லை. கண்கள் அகலத் திறந்திருந்தன. பார்வை பொம்மையின் மேல் போயிற்று, தாண்டிற்று, திரும்பி வந்து மறுபடியும் தாண்டிற்று. சித்தியின் முகத்தில் ஈயாடவில்லை. தன் சந்தேகம் பலித்துவிட்டதே என்று அழுகிற நிலையில் இருந்தார். கடைசியில் அவரே கத்திவிட்டார்.

"என்னங்க! அடியில பாருங்க!"

சித்தப்பா குதித்தார். கையில் எடுத்ததுமே பொம்மை என்று தெரிந்திருக்கும். ஆனாலும் கரையில் கிடத்தி, மோவாயை நிமிர்த்தி, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தி, முறைப்படி எல்லாவற்றையும் செய்தார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு துண்டை வாங்கி அதன் முகத்தைத் துடைத்தார்.

"எவ்வளவு நேரமா உள்ள கெடந்துச்சு?"

சித்தி வாயைத் திறந்தார்.

"வேணாம், சொல்லாத," என்றார் சித்தப்பா.

பொடியை அவர் விடவில்லை. பாவம், அதன்மேல் என்ன குற்றம்? சித்திதான் இப்போது இரண்டு கோப்பையாகக் கலக்குகிறார், தன்னுடையதை முகம் சுளித்துக்கொண்டே குடிக்கிறார். அரை மணி ஆனதும் சித்தப்பா மறுபேச்சில்லாமல் இறங்கி, டிக்கெட் அறைக்குள் சித்தியின் பக்கத்தில் வந்து உட்காருகிறார். வெளியே நாற்காலியில் கூட்டாளி ஏறியாயிற்றா என்று ஒருமுறை எட்டிப் பார்க்கிறார்.

"அவன் பாத்துக்கறான்ல," என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொள்கிறார்.