மெதுவா டீச்சரும் மூடி விளையாட்டும்

மழலையர் வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'மெதுவா டீச்சர்'. ஓடினாலும் கத்தினாலும் "மெதுவா, மெதுவா" என்பார். வீட்டில் கதையே வேறு. "ஸ்கூல்ல மெதுவா, இங்க மட்டும் ஏன் இடி முழங்குது?" என்று கணவர் கிண்டலடிப்பார்.

அந்த ஆண்டு ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமி வகுப்பில் சேர்ந்தாள். யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். பேச்சும் அபூர்வம். ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்குவாள்.

எடுத்த எடுப்பிலேயே டீச்சருக்குச் சறுக்கல். அவளைக் கைபிடித்து எல்லோர் நடுவிலும் நிறுத்தி, "வணக்கம் சொல்லு கண்ணு" என்றார். சிறுமி காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். சாயங்காலம் அவளை அழைத்துப்போக வந்த, டாக்ஸி ஓட்டும் அவள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "வீட்ல அவகூட எப்படி விளையாடுவீங்க?" என்றார்.

"பக்கத்துல உட்கார்ந்து நானும் மூடி அடுக்குவேங்க. மனசு வந்தா என் பக்கம் ஒண்ணு தள்ளுவா."

மறுநாள் முதல் டீச்சரும் தரையில் உட்கார்ந்து மூடி அடுக்கினார். முழங்கால் வலி உயிரை எடுத்தது. சிறுமிக்கு அவர் பழகியதும், வகுப்பின் வாயாடியைத் துணைக்கு அழைத்தார். வாயாடி கேள்வியும் கேட்பாள், பதிலையும் அவளே சொல்லிவிடுவாள்.

"கேட்டுட்டு வாயை மூடிக்கணும். மனசுக்குள்ள ஒரு பாட்டு பாடி முடி. அப்பவும் அவ பேசலைன்னா பரவாயில்ல, விளையாடு."

"முழுப் பாட்டா டீச்சர்?"

"முழுப் பாட்டுதான்டி செல்லம்."

வாயாடிக்கு அது சிறைத்தண்டனை. "சிவப்பு வேணுமா, நீலம் வேணுமா?" என்று மூடிகளை நீட்டிவிட்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு காத்திருப்பாள். பல நாள் பாட்டு முடிந்ததுதான் மிச்சம். ஒருநாள் பாட்டுப் பாதியிலிருக்கும்போதே சிறுமியின் விரல் நீலத்தைத் தொட்டது. வாயாடி சத்தமில்லாமல் குதித்தாள். அதன்பின் மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். யாராவது அவசரப்பட்டால் வாயாடியே அதட்டினாள்: "பாட்டு முடியட்டும்டா!"

மழைக்காலத்தில் வாயாடி காய்ச்சலில் படுத்துவிட்டாள். சிறுமி காலி இடத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். எழுந்து வந்து டீச்சரின் கையை இழுத்தாள்.

"அவ எங்க?"

டீச்சர் அவள் உயரத்துக்குக் குனிந்தார். "காய்ச்சல்டா கண்ணு. சரியானதும் வந்துடுவா."

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட அப்பா, மகளை டாக்ஸியில் உட்கார வைத்தார். பிறகு, "அந்தப் பொண்ணு வீடு எங்கன்னு சொல்லுங்க. போய்ப் பார்த்துட்டு வரோம்" என்றார். டீச்சர் வாயாடியின் வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, தானும் டாக்ஸியில் ஏறிக்கொண்டார்.

வாயாடியின் அம்மா கதவைத் திறந்ததும், பெரியவர்கள் தயங்கி நிற்க, சிறுமி மட்டும் விறுவிறுவென்று உள்ளே போனாள்.