போர்டுல ஒட்டாத வேலை

நாலு பேரு சேர்ந்து தூக்குற பாரத்துல யாரு எத்தனை கிலோ தூக்கினாங்கன்னு தனித்தனியா எழுதிக் கேக்குற தொழில் எங்க சாஃப்ட்வேர் தொழில்தான். பகல்ல ஒயரிங் வேலை, சாயங்காலம் காலேஜ்னு படிச்சு இதுக்குள்ள வந்து விழுந்தவன் நான். தினம் காலையில ஒரு போர்டு முன்னாடி நின்னுகினு கணக்கு ஒப்பிக்கிற சக பாவிகளுக்கு, நெய்வேலி டவுன்ஷிப்புல ஒரு ஜெராக்ஸ் கடை மாடியிலேருந்து வணக்கம்.

மெஷினு வருத்தப்படும்

நான், பிரபு, கலைச்செல்வி, எங்களை மேய்க்க ரங்கசாமி சார். இவ்ளோதான் எங்க டீம். மைன்ஸுக்குப் போற காண்ட்ராக்ட் ஆளுங்க கேட்டுல விரல் வெச்சா உள்ள வந்தது, வெளிய போனது பதிவாகும் இல்ல, அந்த சாஃப்ட்வேர் எங்களுது. சார் மைன்ஸ்ல உற்பத்திப் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவரு. சென்னையில ரெண்டு நாள், வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சு வாங்குற 'அஜைல்' பயிற்சிக்குப் போனாரு. வந்த கையோட செவுத்துல ஒரு போர்டு மாட்டினாரு.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கலர் சீட்டு. கஷ்டத்துக்குத் தக்க பாயிண்ட். முடிச்சவங்க பேருல பாயிண்ட் ஏறும். மாசக் கடைசியில முதல் எடத்துல இருந்தா சால்வை, செவுத்துல போட்டோ. மூணு மாசம் தொடர்ந்து கடைசியா வந்தா காண்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டாங்க. "கூடிச் செய்யுற வேலைக்கு இது எதுக்கு சார்?"னு கேட்டேன்.

"மைன்ஸ்ல மெஷினுக்கே தினம் டார்கெட் உண்டு தம்பி. உனக்கு இல்லேன்னா அது வருத்தப்படாது?"

ஆறு இட்லி

மறுவாரத்துலேருந்து எங்க வேலையெல்லாம் திடீர்னு ரொம்பக் கஷ்டமாயிடிச்சு. டீ ஆறுறதுக்குள்ள முடியுற பட்டன் கலர் மாத்துற வேலைக்கு பிரபு எட்டு பாயிண்ட் கேட்டான். "எந்தப் பச்சைன்னு யோசிக்கணும் இல்ல சார்?" சாரும் போட்டுட்டாரு.

நான் மட்டும் யோக்கியனா? ஒரே ஒரு லீவு ஃபாரம் செய்யுற வேலையை ஆறு சீட்டாக்கி ஒட்டினேன். பேரு எழுதுற கட்டத்துக்கு ஒண்ணு, தேதிக் கட்டத்துக்கு ஒண்ணு. கலை போர்டையும் பாத்துச்சு, என்னையும் பாத்துச்சு.

"ஒரு இட்லியை ஆறாப் பிச்சு வெச்சிக்கினு, ஆறு இட்லி சுட்டேன்றீங்களேண்ணே!"

நடக்காததுக்கு மார்க்கு இல்ல

கலை கம்மாபுரத்துலேருந்து பஸ்ல வர்ற பொண்ணு. நெலம் மைன்ஸுக்குப் போன பின்னாடி, அந்த வூட்டுக்கு மாசாமாசம் வர்ற ஒரே சம்பளம் அதோடது. நாங்க எழுதுற ப்ரோகிராம் கேட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வரிக்கு வரி படிச்சு, "இங்க ஒதைக்கும்ணே"ன்னு சொல்றது அதுதான். கேட்டுலேருந்து போன் வந்தா எடுக்குறதும் அதுதான். இதுக்கெல்லாம் போர்டுல சீட்டு கிடையாது. அதனால ரெண்டு மாசமா கடைசி. மூணாவது மாசமும் அதே எடத்துல நின்னுச்சு.

"ஒனக்கும் நாலு சீட்டு எழுதி ஒட்டும்மா"ன்னு சொன்னேன்.

"நான் புடிச்ச தப்பெல்லாம் நடக்காமலே போச்சுண்ணே. நடக்காததுக்கு என்னான்னு சீட்டு எழுதுறது?"

வராதவங்க க்யூ

சார் கெட்டவரு இல்ல. கலையைக் கூப்பிட்டு, "இனிமே அடுத்தவங்க வேலையைத் தொடாத. ஒன் பாயிண்ட்டை மட்டும் பாரு"ன்னு அன்பாத்தான் சொன்னாரு. அதுவும் தலையாட்டிட்டுத் தன் சீட்டைப் பாக்க ஆரம்பிச்சிடிச்சு. அந்த வாரம் பிரபு எழுதுனது யாரும் படிக்காமலே கேட்டுக்குப் போச்சு.

திங்கக்கிழமை காலையில ஆறு மணி. புதுசு ஓடுற மொத நாளுன்னு நாங்களும் ஆபீஸ்லதான் இருந்தோம். மூணாவது ஷிஃப்ட் ஆளுங்க வேலை முடிச்சு வெளிய வர்ற நேரம். நேத்து ராத்திரி பத்துக்கு உள்ள போனவங்க. இன்னிக்குத் தேதி மாறிடிச்சு. பிரபு எழுதுனது இன்னிக்குத் தேதியில மட்டும் தேடிப் பாத்துட்டு, 'நீ உள்ளயே வரலை'ன்னு சொல்லி ஒவ்வொரு ஆளையா நிறுத்திடிச்சு. கேட் சூப்பர்வைசர் எனக்குப் போன் போட்டாரு.

"தம்பி, உள்ளயே வராத ஆளுங்க எல்லாம் வெளிய போவணும்னு க்யூவுல நின்னுகினு என்னைத் திட்றாங்க. நீ வேணாம், அந்தப் பொண்ணுகிட்ட குடு!"

சால்வை

கலை பிரபு பக்கத்துல உக்காந்து, எந்த வரியில எதை மாத்தணும்னு சொல்லச் சொல்ல அவன் தட்டினான். அரை மணியில க்யூ கலைஞ்சிடிச்சு. தப்பு பிரபுவோடது, அதனால திருத்துற சீட்டும் அவன் பேருலதான். அவசர வேலைன்னு பதிமூணு பாயிண்ட். அந்த மாசச் சால்வை யாருக்குன்னு நான் சொல்ல வேணாம்.

கைதட்டி முடிச்சதும் சார் காண்ட்ராக்ட் லிஸ்ட்டை எடுத்தாரு. கலை பேரு மேல பேனா நின்னுச்சு. அது பையை மாட்டிக்கினு எழுந்துக்கப் பாத்துச்சு. எனக்குப் பொறுக்கலை.

"சார், மைன்ஸ்ல அடித்தண்ணியை ராப்பகலா எறைக்கிறாரே பம்ப் ஆளு, அவரு மாசத்துக்கு எத்தனை டன் கரி வெட்டுவாரு?"

சார் லிஸ்ட்டைக் கீழ வெச்சாரு. பேனாவை மூடினாரு. பம்ப் நின்னா கீழ என்னா ஆவும்னு எங்களைவிட அவருக்குத்தான் நல்லாத் தெரியும். கலை பக்கம் திரும்பினாரு.

"பையைக் கழட்டி வையிம்மா. நாளையிலேருந்து எல்லாரு எழுதுறதையும் நீ பாத்தப்பறம்தான் கேட்டுக்குப் போவணும்."

புதுக் கட்டம்

அதோட போர்டைக் கழட்டுவாருன்னு நெனைச்சேன். மறுநாள் வந்து பாத்தா, போர்டுல புதுசா ஒரு கட்டம் போட்டிருக்காரு: 'உதவி பாயிண்ட்'. அடுத்தவங்களுக்கு உதவினா ஒரு பாயிண்ட். உதவி வாங்குனவங்க கையெழுத்து கட்டாயம். மாசக் கடைசியில பிரபு, மும்முரமா வேலையில இருந்த கலை பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அக்கா, ஒங்களுக்கு எதுனா கஷ்டம் இருக்கா? எனக்கு ரெண்டு பாயிண்ட் கொறையுது."

ஆக, எங்க டீம்ல இப்ப உதவி செய்ய ஆளுக்குப் பஞ்சமே இல்ல, கஷ்டப்படத்தான் ஆள் கெடைக்கலை.