ஆமை வயிற்றில் இருந்த கள்ளக்குறிச்சித் துணிப்பை

கல்வராயன் மலைக்கு எல்லோரும் அருவி பார்க்கப் போவார்கள். நான் ஒரு கடைப் பைக்காகச் சண்டை போடப் போனேன். 2021 தை மாதம். எனக்கு ஊர் பரங்கிப்பேட்டை. எங்கள் கடற்கரையில், முட்டையிட வந்த பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) ஒன்று செத்து ஒதுங்கியிருந்தது. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தார். உள்ளே இடவேண்டிய முட்டைகள் அப்படியே இருந்தன. குடலை அடைத்துக்கொண்டு பச்சை நிறத்தில் ஒரு பைத்துண்டு. அதில் ஒரு பாத்திரக்கடையின் பெயரும் ‘கள்ளக்குறிச்சி’ என்ற எழுத்தும் தெளிவாகத் தெரிந்தன. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கடலே இல்லாத ஊரின் பை இங்கே எப்படி வந்தது?

காலை 5.30க்குக் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினேன். சிதம்பரத்திலும் விருத்தாசலத்திலும் பஸ் மாற வேண்டும். ஏறக்குறைய 120 கி.மீ. விருத்தாசலம் தாண்டியதும் இடஒதுக்கீடு கேட்டு மறியல். எப்போது விடுவார்கள் என்று கண்டக்டரிடம் கேட்டேன். “மறிச்சவங்களுக்கே தெரியாது, எனக்கு இன்னாம்மா தெரியும்?” என்றார். ஒன்றேகால் மணி நேரம் போனது.

கடையைக் கண்டுபிடிக்கும்போது மணி பதினொன்று. முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். பைத்துண்டையும் ஆமையின் படத்தையும் நீட்டினேன். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவரோ குழம்பிப்போனார்.

“கடை நம்மளுதுதான். ஆனா இது துணிப்பைம்மா. பிளாஸ்டிக் தடைன்னதும் கவர நிறுத்திட்டு, வெல ஜாஸ்தியானாலும் இததான் வாங்கிக்கினு இருக்கேன். துணி எப்படிம்மா ஆமையக் கொல்லும்?”

புதுப் பை ஒன்றைக் கையில் கொடுத்தார். மெத்தென்றுதான் இருந்தது. ஓரம் தைத்திருந்தது. நானும் இத்தனை நாள் இந்த மாதிரிப் பைகளைத் துணி என்றுதான் நினைத்திருந்தேன்.

“மலைக்காரங்க இதுலதான் சாமான் எடுத்துக்கினு போறாங்க. வேணும்னா போய்ப் பாருங்க.”

போனேன். 12.15க்கு வெள்ளிமலை பஸ், டிக்கெட் 35 ரூபாய். பெரியார் அருவியில் இறங்கிக்கொள்ளலாம். பாறை இடுக்கில் அதே பச்சைப் பை சிக்கியிருந்தது. இழுத்தால் கையோடு நார்நாராக வந்தது. தேங்கிய தண்ணீரில் மீன் குஞ்சுகள் அந்த நாரைக் கொத்திக் கொத்தித் துப்பின. இந்த மலைத் தண்ணீர் கோமுகி, மணிமுக்தா, வெள்ளாறு என்று எங்கள் முகத்துவாரத்துக்குத்தான் வருகிறது. ஆனால் நடுவில் அணை இருக்கிறதே, அதைத் தாண்டியா வந்தது? இல்லை, சிதம்பரத்துக்கு வந்த யாரோ போட்டுவிட்டுப் போனதா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு மறுபடி கடைக்குப் போய் ஒரு தீக்குச்சி கேட்டேன். துணி என்றால் சாம்பலாக உதிரும், பிளாஸ்டிக் என்றால் உருகும். கொளுத்தியதும் அவர் கொடுத்த பையின் ஓரம் சுருங்கி, உருகிச் சொட்டி, மணி போல இறுகியது. பாய் அந்த நாற்றத்தை முகர்ந்தார். உள்ளே போய் வேறொரு பையை எடுத்துவந்தார். அடுத்த வாரம் அவர் மகளுக்கு நிக்காஹ். விருந்தாளிகளுக்கு ஸ்வீட் போட்டுக் கொடுக்க, மணமக்கள் பெயர் பொன்னெழுத்தில் அச்சிட்டு ஐந்நூறு பை வந்திருந்தது. பெயர் படாத மூலையாகப் பார்த்துக் கிழித்து அவரே கொளுத்தினார். அதுவும் சொட்டியது.

“அப்ப எம் பொண்ணு பேரு போய் ஆமை வயித்துல ஒக்காந்துக்கினு இருக்கும்ன்றீங்க.”

சண்டை போட வந்தவள், என் நம்பரை எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

போகிறவர்களுக்கு: மலையிலிருந்து திரும்பும் பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து பருத்திப் பை எடுத்துப்போங்கள். பருத்திதானா என்று ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்.

பத்து நாள் கழித்து பாய் போன் செய்தார். “பையக் குடுக்கலம்மா. வந்தவங்க ஸ்வீட்டக் கையில வெச்சிக்கினு நின்னாங்க. சம்பந்தி மூஞ்சத் திருப்பிக்கினாரு. அஞ்சூறு பையும் வூட்லயே கெடக்குது. எரிச்சா பொகை, போட்டா ஆமை. இன்னாம்மா பண்றது?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.